மண்டி போட்ட இடம்

போன சனிக்கிழமை நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் போர் போட ரிக் வண்டி வந்ததே, அன்றைக்கு உங்களுக்குத் திருவிழா. சின்னவன் மாடிப்படியை விட்டு இறங்கவே இல்லை. உங்கள் அம்மா காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாகிப்போய், திட்டிக்கொண்டே திரும்ப அலசினாள். ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசியில் பெரியவள் விரலால் தன் பெயரை எழுதினாள். அப்புறம் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, இது கல்லா, மாவா?" என்று கேட்டாள். நான் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம்.

கோபம் இல்லை, சாமிகளா. அந்த வாசனைதான். கல் மாவாகும்போது சூடான இரும்பும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒன்று வரும். அது மூக்கில் ஏறினால் எனக்குப் பழனிசாமியண்ணன் ஞாபகம் வந்துவிடும். வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன், அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். என் எழுத்தைப் பார்த்து ஏற்கெனவே சிரிக்கிறவள்தானே.

இப்போது நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் ரிக்கில் கம்ப்ரசர் வண்டி ஓட்டினேன். ரிக் என்றால் ஒரு வண்டி இல்லை, இரண்டு. ஒன்றில் துளை போடுகிற எந்திரம் இருக்கும். இன்னொன்று காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரசர். துளைக்குள் இறங்குகிற காற்றுதான் உடைந்த கல்லை மாவாக மேலே தள்ளும். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் போவோம். இந்தியில் நான் கற்றுக்கொண்டது பானி, சாய், ரிவர்ஸ் மூன்றுதான். மூன்றாவது இந்தி இல்லை என்று உங்கள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வேலை நடக்கும்போது துண்டை மூக்கில் கட்டிக்கொள்வோம். அந்தத் துண்டு என்ன தடுக்கும்? சாயங்காலம் எல்லோரும் மாவில் புரட்டி எடுத்த மாதிரி நிற்போம். கண்ணை வைத்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடிக்க வேண்டும். பழனிசாமியண்ணனை மட்டும் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வலது கையில் இரண்டு விரல் மடங்காது.

அண்ணன்தான் எங்கள் டிரில்லர், துளை போடுகிறவர். அந்த விரல்கள் வடக்கே ஒரு ஊரில், துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடுகளுக்கு நடுவில் மாட்டி நசுங்கின. கிறிஸ்தவர்கள் நடத்துகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு ரிக் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டது. பாஷை தெரியாத ஊரில் தனியாகக் கிடந்தார். அந்த வார்டைக் கூட்டுகிற அம்மா ஒருத்தி தினமும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, இவர் கட்டில் ஓரம் நின்று கண்ணை மூடி ஏதோ சொல்வாளாம்.

"ஒரு சொல்லுகூடப் புரியிலப்பா. ஆனா எனக்காகத்தான் கேக்குதுன்னு மட்டும் தெரிஞ்சுது," என்பார் அண்ணன்.

தரிசனமோ வானத்திலிருந்து குரலோ அவருக்கு வரவில்லை. ஊழியத்துக்கு அழைப்பு எப்படி வந்தது என்று சபைக்காரர்கள் யாராவது கேட்டால், அந்த விளக்குமாற்று அம்மாவைப் பற்றித்தான் சொல்வார். கேட்டவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

ஊருக்குத் திரும்பி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். பெயரை மட்டும் மாற்றவில்லை. எங்கள் ரிக் மேனேஜர் சேகருக்கு அது தினசரி தீனி. "பழனின்னு பேர வெச்சுக்கிட்டு ஏசுவக் கும்புடறீங்களே, மேல ரெண்டு பேருக்கும் சண்ட வந்துராதுங்களா?" என்பான்.

"பேரு எங்கம்மா வெச்சது. ஏசுநாதருக்கும் அம்மா இருக்காங்க, அவருக்குத் தெரியும்," என்பார் அண்ணன். சொல்லிக்கொண்டே ராடை மாட்டிக்கொண்டிருப்பார்.

அப்போது நாம் எருமப்பட்டியில் குடியிருந்தோம். பெரியவள் கைக்குழந்தை. ரிக் ஊரில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஜெபம் நடக்கும். செங்கல் சூளையில் வேலை செய்கிற புருஷன் பெண்டாட்டி, டீக்கடை அக்கா, பரோட்டா மாஸ்டர் ஒருவர், இன்னும் நாலைந்து குடும்பம், அப்புறம் உங்கள் அம்மா. அண்ணன் எந்தப் பைபிள் காலேஜுக்கும் போனதில்லை. மடங்காத விரலை எழுத்துக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வார்த்தையாக வாசிப்பார். அவர் மெதுவாக வாசிப்பதால் பிரசங்கத்துக்கு நேரம் மிச்சம் இருக்காது. அதனாலேயே அது நல்ல சபை என்று பரோட்டா மாஸ்டர் சொல்வார். நான் உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். துடைத்துத் துடைத்து அந்த வண்டியின் பெயிண்டே போனது.

போர் போடுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. நிலத்துக்காரர் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவார். வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அண்ணன் ஒதுங்கி நின்று தன் பாட்டுக்கு ஒரு ஜெபம் செய்துகொள்வார். ஒரு நிலத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் சாமியைக் கும்பிட்டாயிற்று, உங்கள் சாமியையும் ஒரு வார்த்தை சத்தமாகக் கேட்டுவிடுங்கள் என்றார். அண்ணன் கேட்டார். அன்றைக்குத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. அடுத்த ஊரிலும் வந்தது. அவ்வளவுதான், பழனிசாமி ஜெபம் பண்ணினால் ராசி என்று பேச்சுப் பரவிவிட்டது. எங்கள் ரிக்கில் ஜெபம் செய்கிற ஆளே இருக்கிறார் என்று சேகர் போனில் சொல்லி வேலை பிடிக்க ஆரம்பித்தான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் கம்ப்ரசர் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னார்: "பூமிக்குள்ள தண்ணி இருந்தா வரும், இல்லாட்டி வராது. வராமப் போனாலும் இவிக மனசு ஒடஞ்சு போவக் கூடாதுன்னுதான் நான் கேக்கறது. அதச் சொன்னா யாருக்கும் காதுல ஏற மாட்டேங்குது."

எருமப்பட்டிக்குக் கிழக்கே மேட்டுக்காட்டில் நல்லசாமி என்ற பெரியவருக்குத் தோட்டம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கொல்லிமலை நீலமாகத் தெரியும். மலை மேல் நின்ற மேகம் அவர் காட்டுக்கு மட்டும் இறங்கி வரவில்லை. தென்னைகள் கொண்டை தொங்கிப்போய் நின்றன. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரிந்தது. நல்லசாமி ஐயாவும் அவர் சம்சாரம் பாவாயம்மாவும் மாடுகளை விற்க மனம் வராமல், பக்கத்துக் கோழிப் பண்ணையில் கெஞ்சிக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அவற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது பாவாயம்மாவின் காதைப் பார்த்தேன். தோட்டுக்குப் பதிலாக வேப்பங்குச்சி செருகியிருந்தாள். இந்தப் போருக்காகப் போன தோடு. இதற்கு மேல் போர் போட அவர்களிடம் எதுவும் இல்லை என்பது அந்தக் குச்சியைப் பார்த்தாலே தெரிந்தது.

தண்ணீர் ஓட்டம் பார்க்கிறவர் முந்தின நாளே வந்து, தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நடந்து பார்த்து, கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைச் சொல்லியிருந்தார். அங்கே சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று வைத்திருந்தார்கள். அன்றைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல். இருமலும் இருந்தது. சூடம் காட்டி முடிந்ததும் நல்லசாமி ஐயா கையைக் கூப்பி, "சாமி, நீங்களும் கேளுங்க," என்றார். வெயில் தாங்காமல் அண்ணன் தூரத்தில் இருந்த வேப்பமரத்து நிழலுக்குப் போய் மண்டி போட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் அப்படியே இருந்தார். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் இருந்ததாக என்னிடம் பிறகு சொன்னார்.

அவர் எழுந்து கண்ணைத் திறந்து பார்த்தால், நல்லசாமி ஐயா அந்தச் சுண்ணாம்புக் கல்லைக் கிணற்று மேட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, அண்ணன் மண்டி போட்ட இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். முட்டி பதிந்த குழி இரண்டும் மண்ணில் அப்படியே இருந்தன.

"ஏனுங்க, இது நெழலுக்கு ஒதுங்குன எடமுங்க. கல்லு மொதல்ல எங்க இருந்துச்சோ அங்கயே போடுங்க," என்றார் அண்ணன்.

நல்லசாமி ஐயா சிரித்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த நம்பிக்கையை நான் எந்தக் கோயிலிலும் எந்தச் சர்ச்சிலும் பார்த்ததில்லை. "ஒதுங்க வெச்சது யாருங்க, சாமி?" என்றார்.

கடவுள் என்று அண்ணன் சொன்னால் அந்த இடத்தில்தான் துளை போட வேண்டும். கடவுள் இல்லை என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? சேகரிடம் ஓடி வந்து, பழைய இடத்திலேயே வண்டியை நிறுத்து என்றார். நிலத்துக்காரர் காட்டுகிற இடத்தில் துளை போடுவதுதான் நம் வேலை என்று சேகர் சொல்லிவிட்டான். அதுவும் சரிதான். தொழில் அப்படித்தான் நடக்கிறது.

பாவாயம்மா சொம்போடு வந்து உட்கார்ந்தாள். முதல் தண்ணீரைப் பிடித்துப் பூமியிலேயே ஊற்றிக் கும்பிடுவது வழக்கம். மாவு வந்தது. வெள்ளை மாவு, அப்புறம் சாம்பல் மாவு, அப்புறம் கருப்பு. நடுவில் ஒரு தடவை ஈரமாக வந்தது, அவள் எழுந்து நின்றாள். மறுபடி காய்ந்த மாவு. அண்ணன் ராடு மேல் ராடாக மாட்டிக்கொண்டே இருந்தார். துண்டு நழுவிக் கழுத்தில் கிடந்தது, அதை எடுத்துக் கட்டக்கூட இல்லை. வாயைத் திறந்துகொண்டு அந்தக் குழியையே பார்த்தபடி நின்றார். வண்டியில் இருந்த ராடெல்லாம் தீர்ந்ததும் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். கம்ப்ரசரை நிறுத்துவது என் வேலை. நிறுத்தினேன். அந்தச் சத்தம் நின்றதும் தோட்டத்தில் ஒரு மாடு கத்தியது கேட்டது.

பாவாயம்மா காலிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "ஏனுங்க சாமி, உங்க ஏசுசாமி எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அண்ணன் சாக்கில் மண்ணை நிரப்பிக் குழியின் வாயை அடைத்தார். குழந்தை குட்டி விழுந்துவிடக் கூடாது என்று அதன் மேல் அந்தச் சுண்ணாம்புக் கல்லையே தூக்கி வைத்தார். கிணற்று மேட்டில் கல் முதலில் இருந்த இடம் துளை படாமல் அப்படியே கிடந்தது. அங்கே தண்ணீர் இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அந்த வேலையோடு அண்ணன் ரிக்கை விட்டுவிட்டார். சேகர் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தான். ஜெபம் செய்யாவிட்டால் போகிறது, டிரில்லராக மட்டும் வாருங்கள் என்றான். வரவில்லை. அவமானத்தில் ஒளிந்துகொண்டார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அண்ணன் பழைய மொபெட் ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் மேட்டுக்காட்டுக்குப் போகிறார். கோழிப் பண்ணைக் காவல்காரரைப் பிடித்து, தொட்டியில் கேன்களை நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு நல்லசாமி ஐயா தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறார்.

எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்டாலே எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். போர் போட்ட அன்றைக்கு ‘சாமி’யாக இருந்தவர், மறுநாள் அந்தத் தெருக்காரர் ஆகிவிட்டார். தோட்டத்து வாசலில் இருந்த முள் படலுக்கு வெளியே கேனை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார். அவர் தலை மறைந்த பிறகுதான் பாவாயம்மா வந்து எடுத்துப் போவாள். ரொம்ப நாள் அப்படியே போனது. ஒருநாள் படல் திறந்திருந்ததாம். அண்ணன் உள்ளே போய்த் தொட்டியில் ஊற்றினார். தாகத்துக்கு மோர் கேட்டபோது அவர் கையில் உயரத்திலிருந்து ஊற்றினாள். அதற்கும் பல நாள் கழித்து ஒரு டம்ளரில் டீ கொடுத்தாள். அன்றைக்கு நானும் அவருடன் போயிருந்தேன். வீட்டு டம்ளர். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கழுவி வைக்க எழுந்தவரை அவள் விடவில்லை, தானே வாங்கிக்கொண்டு போனாள்.

நல்லசாமி ஐயா அப்போது கேட்டார்: "எதுக்குப்பா தெனமும் வாரே? உங்க சாமி சொல்லுச்சா?"

"தெரியிலீங்க," என்றார் அண்ணன். "ஊட்ல உக்கார முடியிலீங்க. அதான் வாரேன்."

அந்த வீட்டில் அவர் ஒருநாளும் கடவுளைப் பற்றிப் பேசியதில்லை. சபைக்காரர்களுக்கு அதுதான் குறை. ஞாயிற்றுக்கிழமைகூட முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதால் ஜெபம் தாமதமாகத் தொடங்கும். சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய பிரசங்கியார், விசுவாசம் குறைந்த இடத்தில் தண்ணீர் எப்படி வரும் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு குடும்பமாக வேறு சபைக்குப் போய்விட்டது. டீக்கடை அக்காவும் உங்கள் அம்மாவும் மிஞ்சினார்கள். அப்போதுதான் நான் பைக் துடைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். உள்ளே ஆள் இல்லாமல் போனதில் என் கூச்சம் போய்விட்டது.

அந்த இருமல் மட்டும் நிற்கவில்லை. முதலில் பாட்டு நின்றது. பிறகு வாசிக்கும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு முழுக்கக் கல்மாவு படிந்திருக்கிறது, அதை எடுக்க வழி இல்லை என்றார் டாக்டர். எல்லோரும் அந்த மாவைத்தான் மூச்சாக இழுத்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மொபெட்டை உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியாமல் போன பிறகும் சில நாள் அதை உருட்டிக்கொண்டே போனார். ஒருநாள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கட்டிலோடுதான். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே இருக்க வேண்டும், படுத்தால் மூச்சு முட்டும்.

தண்ணீர் வராமல் போனதும் நல்லசாமி ஐயா பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து அந்தத் தெருவுக்கு வந்தார். அவர் வயசில் அந்தத் தெருவுக்குள் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கையில் ஒரு பால் தூக்கு. நானும் உங்கள் அம்மாவும் அங்கே இருந்தோம். கட்டிலைப் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு உங்கள் அம்மாவிடம் திரும்பி, "ஏன் அம்முணி, உங்க சாமிகிட்ட எப்படிக் கேக்கோணும்? எனக்கு அந்தச் சொல்லெல்லாம் தெரியாது," என்றார். உங்களுக்குத் தெரிந்தபடி கேளுங்கள் என்றாள் உங்கள் அம்மா. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் பெரியவர் கட்டில் ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார். "ஏனுங்க," என்று ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி. "எங்களுக்குத் தண்ணி குடுக்காட்டிப் போவட்டுமுங்க. இந்தப் பையனுக்கு மூச்சு மட்டும் உடக் குடுங்க."

அண்ணன் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த விளக்குமாற்று அம்மாவையும் இப்படித்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

அதுவும் கிடைக்கவில்லை, சாமிகளா. அந்த வாரமே அண்ணன் போய்விட்டார். கொட்டகை வாசலில் கிடத்தியிருந்தோம். ஜெபம் சொல்ல ஆள் வரத் தாமதமானது. நல்லசாமி ஐயாவும் பாவாயம்மாவும் வந்து ஓரமாக நின்றார்கள். ஐயா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யார் யார் முன்னால் யார் யார் துண்டை எடுப்பது வழக்கம் என்று உங்களுக்கே கொஞ்சம் தெரியும். பாவாயம்மா கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை, யாரையும் கேட்காமல், அண்ணனின் மடங்காத விரல்கள் மேல் ஊற்றினாள். போர் போட்ட அன்றைக்கு முதல் தண்ணீர் பிடிக்க அவள் வைத்திருந்த அதே சொம்புதான்.

அப்புறம் எல்லாம் போய்விட்டது. மாடுகளை விற்றார்கள். தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தகவல் இல்லை. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டயர் கடை இருக்கிறது. சேகர் சொந்த ரிக் வாங்கி வடக்கேயே தங்கிவிட்டான். நாம் புதுச்சத்திரத்துக்கு வந்துவிட்டோம்.

சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனேன் இல்லையா, அன்றைக்கு வேனை எடுத்துக்கொண்டு அந்த மேட்டுக்காட்டுக்குத்தான் போனேன். அந்த இடத்தை மறுபடி பார்த்து வைத்துக்கொண்டால் உங்களை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய், அண்ணன் மண்டி போட்ட இடம் இதுதான் என்று காட்டலாம் என்று நினைத்தேன்.

காடு இல்லை. எல்லாம் வீட்டு மனையாகிவிட்டது. கிணற்றை மூடிவிட்டார்கள். வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள், வேர்கூட இல்லை. கொல்லிமலை மட்டும் அதே நீலத்தில் நின்றது. மனைக்கு மனை அளந்து கல் நட்டிருந்தார்கள், கண்ணுக்கு எட்டின வரைக்கும். எல்லாக் கல்லிலும் சுண்ணாம்பு அடித்திருந்தது. எது கிணற்று மேடு, எது மரத்தடி என்று நானும் நடந்து நடந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.